பாட்டி வீட்டு அடுப்புக்கல்

பள்ளி விடுமுறை தொடங்கியதுமே வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "எங்கே போகலாம்?" பேரங்காடிகள் அலுத்துவிட்டன. மலைக்குப் போனால் பாதி நாள் சாலையிலேயே கழிகிறது. பிள்ளைகள் ஓடியாட வேண்டும், நாலு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும், பெரியவர்கள் உட்கார்ந்து இளைப்பாற நிழல் வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. இத்தனையும் பொருந்தும் ஓர் இடத்தைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கெடாவில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு.

இந்தப் பெயரைக் கேள்விப்படாத தமிழர் இங்கே குறைவு. கடாரம் என்றதும் நிமிர்ந்து உட்காருவோம். புலனத்தில் வரும் காணொளிகளை நாலு பேருக்கு அனுப்பியும் வைப்போம். "நேரில் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டால்தான் பேச்சு மாறும். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறந்தது பீடோங்கிற்கு அருகில் ஒரு தோட்டத்தில். கோலாலம்பூருக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கடந்த மாதம்தான் முதல் முறையாக அந்த அருங்காட்சியகத்தின் வாசலை மிதித்தேன்.

அதற்கும் காரணம் என் அக்கா மகன். பதின்மூன்று வயது. சோழர் கதைப் படம் பார்த்த நாளிலிருந்து ராஜேந்திர சோழன் பித்துப் பிடித்துத் திரிகிறான். "சித்தி, ராஜேந்திர சோழன் பிடிச்ச கோட்டை நம்ம கெடாவுலதானே இருக்கு? ஏன் யாருமே என்னைக் கூட்டிட்டுப் போகல?" என்று ஒரு நாள் கேட்டான். எனக்குப் பதில் இல்லை. அத்தான் காரை எடுத்தார். அக்கா, பையன், நான், எழுபத்தெட்டு வயது அம்மா என ஐந்து பேர் கிளம்பினோம்.

வழிகாட்டிய மலை

கோலாலம்பூரிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் சுமார் 350 கிலோமீட்டர். காரோட்ட அலுப்பாக இருந்தால் இ.டி.எஸ். ரயிலில் சுங்கைப்பட்டாணியில் இறங்கி அங்கே வாடகைக் கார் பிடிக்கலாம். பினாங்கில் தங்கியிருப்பவர்கள் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். சுங்கைப்பட்டாணியிலிருந்து மெர்போக் போகும் சாலையில் அரை மணி நேரம் போனால் அருங்காட்சியகம்.

அந்தச் சாலையில் திரும்பியதும் முன்னால் ஒரு மலை எழுந்து நிற்கும். அதுதான் குனோங் ஜெராய். உயரம் 1,200 மீட்டருக்குச் சற்று அதிகம். நாட்டில் இதைவிடப் பெரிய மலைகள் பல உண்டு. ஆனால் ஜெராயைச் சுற்றிலும் வயலும் கடலுமாகத் தாழ்ந்து கிடப்பதால் இது வெகு தூரத்திலிருந்தே தெரியும். வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு இந்த மலைதான் அடையாளம். மலையைப் பார்த்தால் மெர்போக் ஆற்றின் முகத்துவாரம் பக்கத்தில்தான் என்று தெரிந்துகொள்வார்கள். கப்பலுக்குக் குடிநீரும் மரமும் ஒதுங்கி நிற்க ஆறும் கிடைத்த இடம் இது. காற்று திசை மாறும்வரை காத்திருந்து சரக்கை மாற்றிக்கொண்டு போவார்கள்.

7ஆம் நூற்றாண்டில் வூசிங் என்ற சீனத் துறவி கெடாவில் கப்பல் ஏறி, மேற்கு நோக்கி 30 நாள் பயணம் செய்து நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார். அதே நூற்றாண்டில் பயணம் செய்த யீஜிங் என்னும் துறவி இதை எழுதி வைத்திருக்கிறார். சோழப் படை வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு வழி இருந்தது. காரில் இதைச் சொன்னபோது பையன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் மலைமேல் கோட்டை தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.

"கோட்டை எங்கே?"

பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் 1980இல் திறக்கப்பட்டது. மலையடிவாரத்தில், மரங்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது. காட்சிக்கூடம் பெரியதல்ல. நிதானமாகப் பார்த்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தை அவசரப்பட்டுக் குறைத்துவிடாதீர்கள்.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சீனப் பீங்கான் துண்டுகள், மத்தியக் கிழக்கிலிருந்து வந்த கண்ணாடிச் சில்லுகள், கடுகளவில் தொடங்கி விரல்நுனி அளவுவரை பல நிறத்து மணிகள். அம்மா மணிகளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். "இத்தனை சின்ன ஓட்டையில எப்படிடி நூல் கோத்திருப்பாங்க?" என்றார். இந்து சமயத்துக்குரியவை, பௌத்தத்துக்குரியவை என இரு வகைப் பொருட்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பள்ளத்தாக்கு முழுவதிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொல்லிடங்கள் பதிவாகியிருக்கின்றன. சுங்கை மாஸ் பகுதியில் கிடைத்தவை காலத்தால் முந்தியவை. பெங்காலான் பூஜாங் பகுதியில் கிடைத்த பீங்கான்களும் கண்ணாடிகளும் 11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அது பரபரப்பான துறைமுகமாக இருந்ததைக் காட்டுகின்றன.

பையன் கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் வந்தான். "சித்தி, கோட்டை எங்கே? சோழர் வாள் எங்கே?"

நல்ல கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்ததும் கடாரத்தை வென்றதும் உண்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அதைச் சொல்கிறது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் சோழர் கட்டிய கோட்டை எதுவும் கிடைக்கவில்லை. இங்குள்ள கோயில்களைச் சோழர் கட்டினார்கள் என்று சொல்லும் கல்வெட்டும் இல்லை. நம் காணொளிகள் சொல்வதை மண் சொல்லவில்லை.

மண்ணும் செப்பேடும் சொல்வது வேறு கதை. ராஜராஜ சோழன் காலத்தில், கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டினான். அதுதான் சூடாமணி விகாரம். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் கொடுத்தான். இதைப் பதிவு செய்த செப்பேடு நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போனதால் லைடன் செப்பேடு என்று பெயர் பெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் ராஜேந்திரனின் படையெடுப்பு. பிறகு 1090வாக்கில், முதலாம் குலோத்துங்கன் ஆட்சியில், கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்டுக்கொண்டதன் பேரில் அதே விகாரத்துக்கு உரிய ஊர்களுக்கு வரிச் சலுகை தரப்பட்டது. சண்டைக்குப் பின்னும் தூதர்கள் போனார்கள், வந்தார்கள்.

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ சண்டை ஒரு தடவைதான். வியாபாரம் எப்பவும் நடந்துச்சு. அப்படித்தானே?"

நான் பத்து நிமிடம் சொன்னதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

மலையடிவாரத்துக் கோயில்

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஏறும் பாதையில் நடந்தால் புக்கிட் பத்து பகாட் சண்டியை அடையலாம். சண்டி என்றால் மலாய் மொழியில் பழங்காலக் கோயில். இந்தப் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்டவற்றில் மிகப் பெரியது இதுதான். 1936 - 37இல் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் மனைவி டோரதியும் இந்தப் பகுதியில் முப்பதளவு இடங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். 1959 - 60இல் அலஸ்டேர் லாம் இந்தச் சண்டியை மறுபடியும் ஆராய்ந்து, சிதறிய கருங்கற்களை அடுக்கி, இருந்த இடத்திலேயே நிலைநிறுத்தினார்.

முதல் பார்வையில் ஏமாற்றமாக இருக்கும். கோபுரம் இல்லை, சிலை இல்லை, கூரையும் இல்லை. கல்லால் ஆன அடித்தளமும் சுவரின் கீழ்ப்பகுதியும்தான். ஆனால் பிள்ளைகளை ஓரமாக நிறுத்தி, "நம்ம ஊர்க் கோயிலோடு ஒப்பிட்டுப் பார்" என்று சொல்லுங்கள். மேற்கொண்டு அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒரு பக்கம் கருவறை இருந்த விமானம். முன்னால் மண்டபம். மண்டபத்தில் வரிசையாகக் குழியுள்ள கல் பீடங்கள். அந்தக் குழிகளில்தான் மரத்தூண்கள் நின்றன. மரமும் கூரையும் நம் நாட்டு மழையில் மக்கிப்போக, கல் மட்டும் மிஞ்சியது.

லாம் ஆராய்ந்தபோது அடித்தளத்தில் சிறிய கல் பேழைகள் கிடைத்தன. அவற்றுள் பொன், வெள்ளி, மணிகள் வைக்கப்பட்டிருந்தன. நம் கோயில்களில் கட்டடம் எழுப்புமுன் நவரத்தினமும் பொன்னும் வைத்துப் பூசை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஆனால் ஜாவாவிலும் இத்தகைய வழக்கம் உண்டு. இது எந்த நூற்றாண்டுக் கோயில், சைவம் மட்டும்தானா, பௌத்தமும் கலந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. நமக்குத் தெரிந்த சாயலும் இந்த மண்ணுக்கே உரிய சாயலும் சேர்ந்து நிற்கும் கோயில் என்று பிள்ளைகளிடம் சொன்னால் போதும்.

வளாகத்தில் இன்னும் சில சண்டிகள் உண்டு. பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் ஆகிய இடங்களில் இருந்தவற்றைக் கல் கல்லாகப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள்.

சண்டியை ஒட்டி ஓடை ஓடுகிறது. படியேற முடியாத அம்மா கீழேயே ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியத்துக்கு மேல் குளிக்க ஆசைப்பட்டால் ஜெராய் அடிவாரத்தில் தூப்பா, யான் பக்கம் பத்து ஹம்பார், ஸ்ரீ பெரிகி எனப் பல நீர்வீழ்ச்சிகள் உண்டு. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். மலை உச்சியில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயிர்' என்பார்கள். 2021 ஆகஸ்ட்டில் இந்த அடிவாரத்தில் அப்படி வந்த வெள்ளம் உயிர்களைப் பறித்தது. நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சருகும் மிதந்து வந்தாலோ, அந்த நொடியே கரையேறிவிடுங்கள்.

சுங்கை பத்துவில் அம்மா

திரும்பும் வழியில் சுங்கை பத்து. 2009இலிருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழுவினர் இங்கே தோண்டி வருகிறார்கள். இரும்பு உருக்கிய இடங்கள், உலைக்குக் காற்று ஊதிய மண்குழாய்கள், ஆற்றோரப் படகுத்துறையின் எச்சங்கள், வட்டமான செங்கல் தளத்தின் மேல் சதுரமாக எழுப்பப்பட்ட ஒரு வழிபாட்டு அமைப்பு ஆகியவை கிடைத்திருக்கின்றன. சரக்கு ஏற்றி இறக்கும் துறை மட்டுமல்ல, இரும்பு செய்து விற்ற ஊர் என்பதும் இதனால்தான் தெரிந்தது. இடம் சமதளமாக இருப்பதால் அம்மாவும் மெதுவாக நடந்து வந்தார்.

செங்கல் வரிசையின் ஓரத்தில் போய் நின்றவர் அசையவே இல்லை. களைப்போ என்று அக்கா பதறிப் போய்க் கையைப் பிடித்தாள்.

"இது மாதிரிக் கல்லுதான்டி நம்ம அடுப்புல இருந்துச்சு" என்றார் அம்மா.

"எந்த அடுப்பும்மா?"

"உங்க பாட்டி வீட்டு அடுப்பு. எங்கப்பா கான் வெட்டப் போன எடத்துல கெடந்துச்சுன்னு தூக்கிட்டு வந்தாரு. மூணு கல்லு. பட்டையா, அகலமா இருக்கும். எவ்வளவு நெருப்புப் போட்டாலும் விரிசல் விடாது. லயத்துல நாலு வீட்டுல அந்தக் கல்லு இருந்துச்சு. அங்க நெறய கெடக்குதுன்னு சொல்வாரு."

எனக்கு அந்த அடுப்பு நினைவிருக்கிறது. கரி படிந்து கறுத்துப்போன மூன்று கற்கள். அவற்றின் மேல் கொதித்த கஞ்சியைக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். அவை உண்மையிலேயே பழங்காலத்துக் கற்களா, வெள்ளைக்கார துரையின் பங்களாவில் மிஞ்சிய செங்கல்லா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. தோட்டம் போய்விட்டது, லயமும் போய்விட்டது. ஆனால் இந்த வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் கான் வெட்டியும் காடு அழித்தும் உழைத்த நம் தாத்தாக்களின் மண்வெட்டியில் எத்தனை கல் இடறியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்களுக்குக் கடாரம் என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் தாத்தா அந்தக் கல்லைத் தொட்டிருக்க மாட்டார். தொட்டுக் கும்பிட்டிருப்பார்.

2013 டிசம்பரில் வந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். இதே வட்டாரத்தில் 11ஆம் எண் கொண்ட சண்டியை, வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இயந்திரத்தால் இடித்துவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று கருதப்பட்ட சண்டி. நிலம் தனியாருடையது. பாரம்பரிய இடமாக அது அரசிதழில் பதிவாகியிருக்கவில்லை. நாடே கொதித்தது. நானும் கொதித்தேன், முகநூலில் நீளமாக எழுதினேன். சுங்கை பத்துவில் அம்மா பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது: அந்தச் சண்டி இருந்த காலத்தில், அதிலிருந்து சில மைல் தொலைவில் பிறந்த நான், ஒரு நாளாவது போய்ப் பார்த்தேனா? இல்லை.

யாரும் வந்து பார்க்காத இடத்தை இடிப்பது சுலபம். வாரா வாரம் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து போகும் இடத்தில் கை வைக்க யாரும் கொஞ்சம் தயங்குவார்கள். பெருமை பேசுவதைவிடப் போய்ப் பார்ப்பதுதான் நம்மால் ஆன காவல்.

போகும் முன்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அதை நினைவில் வைத்துத் திட்டமிடுங்கள். திறந்திருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. காலையிலேயே சண்டிக்கு ஏறிவிடுங்கள், பதினொரு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். படி வழுக்கும் என்பதால் செருப்புக்குப் பதில் காலணி போடுங்கள். குடிநீர், தொப்பி, கொசு மருந்து கட்டாயம். இரவு தங்குவதாக இருந்தால் மறுநாள் குருண் வழியாக ஜெராய் மலைக்குப் போகலாம். மேலே குளிரும் மூடுபனியும், வனவியல் அருங்காட்சியகமும் உண்டு. கடல் பிடித்தவர்கள் தஞ்சோங் டாவாய் மீனவர் கிராமத்துக்குப் போய்க் கருவாடு வாங்கிக்கொண்டு, படகில் பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குக் கடந்து போகலாம்.

பெரிய பிள்ளைகள் இருந்தால் டத்தோ வீ. நடராஜன் எழுதிய 'சோழன் வென்ற கடாரம்' நூலை முன்கூட்டியே வீட்டில் வையுங்கள். சண்டிக் கற்களின் மேல் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம், ஒரு சில்லைக்கூட ஞாபகத்துக்கென்று எடுத்துவர வேண்டாம். இந்த வட்டாரத்தில் நிலமோ வீடோ உள்ளவர்கள் மண் தோண்டும்போது பழைய செங்கல்லோ ஓடோ கண்டால் அப்படியே விட்டுவிட்டு, படம் எடுத்து, தேசியப் பாரம்பரியத் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

நாங்கள் திரும்பும்போது, பழைய தோட்டத்து வழியாகப் போகலாமா என்று அம்மா கேட்டார். அத்தான் காரைத் திருப்பினார். லயம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள் கொண்ட தாமான். பிள்ளையார் கோயில் மட்டும் புதுச் சுண்ணாம்போடு அதே மூலையில் இருக்கிறது. பையன் காரிலிருந்து இறங்கித் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

"பாட்டி, அந்த மூணு கல்லு இப்ப எங்க இருக்கும்?"

"லயத்த இடிச்சப்ப மண்ணோட மண்ணாப் போயிருக்கும், ஐயா."

"அப்போ இங்கதான் கீழ இருக்கு" என்றான்.

அடுத்த விடுமுறைக்கும் இங்கேயே வர வேண்டும் என்று காரிலேயே சொல்லிவிட்டான். கோட்டையைப் பற்றி அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.